ஐந்து ஏக்கர் மானாவாரி: விதைப்பதா, தரிசாகப் போடுவதா?

கடலாடி மேற்கு:
வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் கடலாடி பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர் இருக்கிறது. மூன்றில் நெல், இரண்டில் முண்டு மிளகாய், அதாவது குண்டு மிளகாய். கண்மாய் பெருகினால் கடைமடைக்குக் கொஞ்சம் தண்ணீர் வரும், இல்லையென்றால் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். ஆவணி பிறந்துவிட்டது, புழுதி உழவு ஓட்ட வேண்டும் என்று அப்பா நிற்கிறார். உழவுக்குப் பணம் துபாயில் இருக்கும் அண்ணன் அனுப்புவது. இந்த வருஷம் அவர் "எதுக்குத் தம்பி, கணக்குப் போட்டுப் பார்த்தியா" என்று கேட்டார். போட்டேன். அதை இங்கே வைக்கிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

நெல், ஒரு ஏக்கருக்கு: மூன்று சால் உழவு 3,500. விதை 1,500. டிஏபி உரம் ஒரு மூட்டை 1,350, யூரியா இரண்டு மூட்டை 533. களைக்கொல்லியும் களையெடுக்க ஆளும் சேர்த்து 4,000. மருந்து 1,500. அறுப்பு மெஷின் 3,000. சாக்கு, ஏற்றுகூலி, வண்டி 1,500. ஆக மொத்தம் கிட்டத்தட்ட 17,000. இதில் அப்பா அம்மா உழைப்புக்கு ஒரு ரூபாய்கூடப் போடவில்லை.

நல்ல மழை பெய்த வருஷம் 12 குவிண்டால் வரும். வியாபாரி களத்துக்கே வந்து குவிண்டால் 1,750 என்று எடுத்தால் 21,000. மிச்சம் 4,000. மூன்று வருஷத்தில் ஒரு வருஷம் எங்கள் பக்கம் கதிர் வராமலே காயும், அப்போது அறுப்பும் சுமையும் போக 12,500 மண்ணில் போகும். மூன்று வருஷத்தையும் கூட்டிக் கழித்தால் ஏக்கருக்கு வருஷம் 1,500 ரூபாய் நஷ்டம். இதற்கு நான் எதற்கு அண்ணனிடம் பணம் கேட்க வேண்டும்?

சாயல்குடி சாலை:
கணக்கு சரிதான். நாங்கள் விட்டு ஆறேழு வருஷம் ஆகிறது. நிலம் முழுக்கக் கருவைதான், சீமைக் கருவேலம். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு வெட்டு, கரிமூட்டம் போடுகிறவர்கள் வந்து ஏக்கருக்குப் பத்து, பன்னிரண்டாயிரம் கொடுத்து வெட்டிக்கொண்டு போகிறார்கள். வருஷத்துக்கு மூவாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உழவு, உரம், சொசைட்டி வாசலில் நிற்பது ஒன்றும் கிடையாது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் கருவை வளரும். நீங்கள் நஷ்டப்படும் இடத்தில் எனக்கு மூவாயிரம் வருகிறது. இதற்கு மேல் என்ன யோசனை வேண்டும்?

மங்கலம் பெரியவர்:
தம்பி கடலாடி, கணக்கை ஒளிக்காமல் போட்டிருக்கிறீர்கள், அதற்கே நன்றி. ஆனால் ஒரு இடத்தை மாற்றிப் பாருங்கள். வியாபாரி விலை 1,750 என்று போட்டீர்கள். 2025-26 பருவத்துக்கு அரசு கொள்முதல் நிலையத்தில் சாதாரண ரகத்துக்கு 2,500, சன்ன ரகத்துக்கு 2,545. மத்திய அரசு ஆதரவு விலையாக அறிவித்த 2,369ம் 2,389ம், அதற்கு மேல் மாநில ஊக்கத்தொகை 131ம் 156ம் சேர்ந்த விலை அது. அதே 12 குவிண்டாலுக்கு 30,000. மிச்சம் 13,000. மூன்றில் ஒரு வருஷம் காய்ந்தாலும் சராசரியாக ஏக்கருக்கு 4,500 கையில் நிற்கும். அதே மண், அதே மழை, அதே உரம். உங்கள் 1,500 நஷ்டத்துக்கும் இந்த 4,500க்கும் நடுவில் இருக்கும் ஒரே வித்தியாசம், அறுத்த நெல்லை நீங்கள் எத்தனை நாள் வைத்திருக்க முடிந்தது என்பதுதான்.

நான் மிளகாய்க்காரன், ஆர்.எஸ். மங்கலம் பக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்ததில் சொல்கிறேன், இந்தக் கரையில் விவசாயியைக் கொல்வது மழை பாதி, அவசரம் பாதி. அறுத்த வாரமே விற்றாக வேண்டியவன் எந்தப் பயிர் போட்டாலும் தோற்பான்.

கடலாடி மேற்கு:
ஐயா, கொள்முதல் நிலையம் எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் ஊருக்கு அது எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. தை மாதம் ஊரே ஒரே வாரத்தில் அறுக்கும், ஏனென்றால் மெஷின் வருவது ஒரே வாரம்தான். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பனி கொட்டுகிறது, காய வைக்கக் களம் கிடையாது, ரோட்டில் கொட்டிக் கிளற வேண்டும். போன தடவை நிலையத்தின் வாசலில் குவியல் போட்டு நாள் கணக்கில் படுத்துக் கிடந்தவர்கள் இருக்கிறார்கள். அப்பாவை அங்கே படுக்கவைக்க முடியாது. மெஷின்காரருக்கு அன்றைக்கே பணம் கொடுக்க வேண்டும், உரக்கடைக்குப் பொங்கலுக்கு முன்னால் கொடுக்க வேண்டும். வியாபாரி பணத்தோடு களத்தில் நிற்கிறார். அப்போது 1,750ம் பெரிதாகத்தான் தெரியும்.

மங்கலம் பெரியவர்:
நான் சொன்னதும் அதைத்தான் தம்பி.

பொருளியல் வாத்தியார், பரமக்குடி:
இது ராம்நாட்டுக்கு மட்டும் உள்ள கதை இல்லை என்பதற்காக இரண்டு மூன்று எண்களைச் சொல்கிறேன். 2018-19 வேளாண் ஆண்டைப் பற்றிய தேசிய மாதிரி ஆய்வின் 77ஆவது சுற்றில், இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய் என்று வந்தது. அதில் பயிரிலிருந்து வந்தது 3,798. கூலி, சம்பளமாக வந்தது 4,063. அதாவது 'விவசாயக் குடும்பம்' என்று நாம் சொல்வதில் பெரிய வருமானமே கூலிதான். கடலாடித் தம்பி வீட்டில் துபாய்ப் பணம் உழவுக்குப் போகிறதே, அது விதிவிலக்கு இல்லை, பல வீடுகளில் நடப்பது அதுதான்.

ஆதரவு விலையைப் பற்றி: 2015இல் மத்திய அரசு அமைத்த சாந்தகுமார் குழு, அந்த விலையில் அரசுக்கு நேரடியாக விற்கும் விவசாயிகள் சுமார் 6 சதவீதம்தான் என்று எழுதியது. அறிவிக்கிற விலை ஒன்று, விற்கிற விலை இன்னொன்று. அப்புறம் நிலத்தின் அளவு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சராசரி 1.08 எக்டேர், தமிழ்நாட்டின் சராசரி 0.75 எக்டேர், அதாவது தமிழ்நாட்டில் இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இரண்டு ஏக்கர்க்காரர் இருபது மூட்டையைச் சொந்தமாகக் காய வைத்து, வண்டி பிடித்து, வரிசையில் நின்று விற்பதற்கு ஆகும் செலவு, நூறு மூட்டைக்காரரைவிட மூட்டைக்கு அதிகம். அவர் களத்திலேயே கொடுப்பதை அறியாமை என்று சொல்வது தவறு, அவருடைய நிலையில் அதுதான் சரியான முடிவாகவும் இருக்கலாம்.

திருப்பாலைக்குடி அக்கா:
எல்லாரும் சொந்த நிலத்துக்குக் கணக்குப் போடுகிறீர்கள். நான் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து, ஓட்டுகிறேன். நிலம் வேறு ஒருவர் பெயரில். அவர்கள் சென்னையில். எனக்குச் சொசைட்டிக் கடன் கிடையாது, ஏனென்றால் பட்டா என் பெயரில் இல்லை. கூட்டுறவில் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை என்கிறார்கள், அந்த வட்டியில்லாக் கடன் நிலத்துக்காரருக்குப் போகிறது, நான் மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கி விதைக்கிறேன். 2021இல் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி வந்தது, 16 லட்சத்துக்கு மேற்பட்ட விவசாயிகளுக்கு. அந்த வருஷமும் நான்தான் அந்த நிலத்தில் களை எடுத்தேன். வருஷத்துக்கு 6,000 வரும் மத்திய அரசுப் பணமும் பட்டாக்காரருக்குத்தான்.

அப்புறம் இன்னொன்று. ஆள் கிடைக்கவில்லை, நூறு நாள் வேலை கெடுத்துவிட்டது என்று இங்கே யாராவது எழுதத்தான் போகிறீர்கள், அதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். 2025-26க்கு நம் மாநிலத்தில் அந்தக் கூலி நாளுக்கு 336 என்று அறிவித்தார்கள், அளந்து போட்டால் கையில் அதைவிடக் குறைவாகத்தான் வரும். மிளகாய் பறிக்கப் போனால் காலை வெயில் ஏறும் முன்பு குனிந்தவள் மதியம்தான் நிமிர வேண்டும், விரல் எரியும், ராத்திரி பிள்ளையைத் தூக்க முடியாது. அதற்கு 250 கொடுத்துவிட்டு ஆள் இல்லை என்றால் எப்படி? எங்கள் வீட்டில் நான் வாரத்துக்கு ஓட்டுகிறவளும்தான், பறிக்கப் போகிறவளும்தான். கூலி ஏறினால் ஒரு கையில் போய் மறு கையில் வருகிறது.

சாயல்குடி சாலை:
அக்கா சொல்வது நியாயம். ஆனால் அந்த நியாயமான கூலியைக் கொடுத்தால் மிளகாயில் மிச்சம் இல்லை என்பதும் உண்மைதானே.

மங்கலம் பெரியவர்:
மிச்சம் உண்டா இல்லையா என்பதற்கு மிளகாய்க் கணக்கையும் வைக்கிறேன். ஏக்கருக்கு எனக்கு 45,000 செலவு. அதில் பாதிக்குப் பக்கம் பறிப்புக் கூலிதான், நாலு கிலோ பழம் பறித்துக் காயப்போட்டால் ஒரு கிலோ வத்தல். மானாவாரியில் மூன்றரை குவிண்டால் வந்தால் நல்ல வருஷம். ஆக கிலோ 129 ரூபாய்க்குக் கீழே போனால் நஷ்டம். மாசியில் முதல் பறிப்பு வரும்போது ஒரு விலை இருக்கும். பங்குனி சித்திரையில் ஊர் ஊராகச் சாக்கு வந்து இறங்கும்போது விலை சரியும். எனக்கே ஒரே வெள்ளாமையில் 180க்கும் போயிருக்கிறது, 110க்கும் போயிருக்கிறது. 180 என்றால் 63,000, லாபம் 18,000. 110 என்றால் 38,500, நஷ்டம் 6,500. செடி அதே செடிதான்.

நெல்லுக்காவது அரசு விலை என்று ஒன்று காகிதத்தில் இருக்கிறது. ஆதரவு விலை அறிவிக்கும் பயிர்களில் மிளகாய் கிடையாது. 2025இல் ஆந்திராவில் மிளகாய் விலை விழுந்தபோது, சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் குவிண்டால் 11,781 என்று ஒரு விலை வைத்தார்கள். அது அந்த மாநிலத்துக்கு. நம் ஊர் முண்டுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம்தான், ஆனால் அந்தச் சான்று என் சாக்கின் விலையை ஏற்றியதாக இதுவரை நான் பார்க்கவில்லை.

கமிஷன் மண்டி:
நான் விற்கிற பக்கமும் இல்லை, தின்கிற பக்கமும் இல்லை, நடுவில் இருப்பவன். எங்களைத் திட்டாமல் இந்த இழை முடியாது என்று தெரியும், அதனால் உள்ளதைச் சொல்கிறேன்.

குண்டூர் சந்தை நாட்டிலேயே பெரியது. அங்கே நீளவத்தல் தண்ணீர் பாய்ச்சி எடுக்கிறார்கள், ஏக்கருக்கு நம்மைப்போலப் பல மடங்கு. அங்கே விழுந்தால் இங்கே நீளமான சம்பா வத்தல் அன்றைக்கே விழும். முண்டு கொஞ்சம் தனி. குழம்புக்கும் தாளிப்புக்கும் முண்டுதான் வேண்டும் என்று கேட்கிற ஆட்கள் இங்கேயும் கேரளாவிலும் வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களிலும் உண்டு. ஆனால் அந்தச் சந்தை குறுகியது. கொஞ்சம் வரத்து கூடினாலும் விலை தடதடவென்று இறங்கும், கொஞ்சம் குறைந்தாலும் ஏறும். நான் சித்திரையில் வாங்கி வைக்கிறேன் என்றால் என் பணம் முடங்குகிறது, நிறம் வெளுக்கிறது, எடை குறைகிறது, சோடை கழிகிறது. அந்த ஆபத்துக்கு விலையைக் குறைத்துத்தான் வாங்குவேன். வாங்கி வைத்து நஷ்டப்பட்ட வருஷங்களும் உண்டு.

முன்பணம் கொடுத்தவரின் சரக்கு என் கடைக்குத்தான் வர வேண்டும் என்பதும் உண்மை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஐப்பசியில் விதைக்கும் உரத்துக்கும் பணம் கொடுக்க எங்களை விட்டால் வேறு யார் அந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

மங்கலம் பெரியவர்:
மண்டிக்காரர் நேராகப் பேசியதற்கு மரியாதை. ஆனால் அவர் சொன்னதிலேயே விஷயம் இருக்கிறது. சித்திரையில் வாங்கி ஆவணியில் விற்பது ஒரு தொழில், அந்தத் தொழிலில் லாபம் இருப்பதால்தான் அவர் செய்கிறார். அதை நாம் ஏன் செய்ய முடியவில்லை? கையில் பணம் இல்லாததால். அந்தப் பணத்துக்கு வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது, நம் ஆட்கள் பலர் எட்டிப் பார்ப்பதில்லை.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பொருளீட்டுக் கடன் என்று ஒன்று உண்டு. வத்தலையோ நெல்லையோ கொண்டுபோய் அவர்கள் கிட்டங்கியில் (கிடங்கில்) வைத்தால் அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை, அதிகபட்சம் 3 லட்சம், 180 நாளுக்குள் திருப்ப வேண்டும், வருஷத்துக்கு 5 சதவீத வட்டி. கணக்கைப் பாருங்கள். 30,000 ரூபாயை ஆறு மாதம் மூன்று வட்டிக்கு வாங்கினால் வட்டி மட்டும் 5,400. இதே பணம் இங்கே 750. மிச்சமாகும் 4,650 கிட்டத்தட்ட முக்கால் குவிண்டால் பறிப்புக் கூலிக்கு ஆகும். பரமக்குடியில் விற்பனைக்கூடம் இருக்கிறது, எட்டிவயல் மிளகாய் வணிக வளாகத்தில் குளிர்பதனக் கிடங்கும் இருக்கிறது. குளிரில் வைத்தால் நிறம் நிற்கும்.

விலை கட்டாயம் ஏறும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆடி வரை வைத்து அதே விலைக்கு விற்ற வருஷமும் எனக்கு உண்டு. ஆனால் எப்போது விற்பது என்பதை நான் முடிவு செய்தேன், கடன்காரர் முடிவு செய்யவில்லை.

திருப்பாலைக்குடி அக்கா:
பெரியவரே, பத்துச் சாக்கு இருந்தால் வண்டி வைத்து எட்டிவயல் போகலாம். என்னிடம் இரண்டு சாக்குதான் வரும். வண்டி வாடகையே அதில் பாதியைத் தின்றுவிடும்.

மங்கலம் பெரியவர்:
அதற்கு ஊரில் நாலைந்து பேர் சேர வேண்டும் தாயி. எங்கள் தெருவில் அப்படித்தான் ஒரே வண்டியில் போட்டு அனுப்புகிறோம், சாக்கில் பெயர் எழுதி. பெரிய சங்கம், கம்பெனி என்று பதிவு செய்யப் போனால் அதற்கே ஒரு ஆள் அலைய வேண்டும். முதலில் வண்டியாவது ஒன்றாகப் போகட்டும்.

பொருளியல் வாத்தியார், பரமக்குடி:
பருத்தி போடுகிறவர்களும் இங்கே இருப்பார்கள் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். நெல்லுக்குப் பின்னால் கோடையில் பருத்தி போட்டவர்களுக்கு 2022இல் கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போனது, அடுத்த வருஷம் மளமளவென்று இறங்கியது. 2021 பிப்ரவரியில் பஞ்சு இறக்குமதிக்கு 11 சதவீத வரி போட்டார்கள். 2022 ஏப்ரலில் விலை உச்சத்தில் இருந்தபோது எடுத்தார்கள், பிறகு போட்டார்கள், 2025 ஆகஸ்டில் மறுபடி டிசம்பர் வரை எடுத்தார்கள். மில்லுக்குப் பஞ்சு மலிவாக வேண்டும், அதில் லட்சக்கணக்கானவர்களுக்கு வேலை இருக்கிறது, சரி. ஆனால் விலை ஏறும் வருஷம் கதவைத் திறந்து இறக்குவதும், விழும் வருஷம் விவசாயியை அவர் பாட்டுக்கு விட்டுவிடுவதும் நடந்தால், நல்ல வருஷத்தில் சேர்த்துக் கெட்ட வருஷத்தைத் தாண்டும் வழி அடைபடுகிறது. மூன்று வருஷச் சராசரி என்று கடலாடித் தம்பி போட்டாரே, அந்தச் சராசரியின் மேல்பாதியை வெட்டிவிடுகிறார்கள்.

கடலாடி மேற்கு:
காப்பீடு பற்றி யாரும் பேசவில்லையே? காய்ந்த வருஷத்து 12,500 அதில் வந்தால் கணக்கே மாறிவிடும். நாங்கள் தவறாமல் பிரீமியம் கட்டுகிறோம், ஒரு தடவை நல்ல தொகை வந்தது, ஒரு தடவை பக்கத்து ஊருக்கு வந்தது, எங்களுக்கு வரவில்லை.

பொருளியல் வாத்தியார், பரமக்குடி:
2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டில் வறட்சிக்கு உங்கள் வயலைத் தனியாகப் பார்ப்பதில்லை. நெல்லுக்கு வருவாய் கிராமம் ஒரு அலகு. அந்தக் கிராமத்தில் சில வயல்களில் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து வரும் சராசரியைத்தான் பார்ப்பார்கள். பக்கத்து ஊருக்கு வந்து உங்களுக்கு வராததற்கு அதுதான் காரணமாக இருக்கும், எல்லைக்கோடு உங்கள் வரப்பில் போயிருக்கலாம்.

இன்னொரு சிக்கல் நம் மாவட்டத்துக்கு அதிகம் உறைக்கும். 'உத்தரவாத மகசூல்' என்பதைக் கடந்த ஏழு வருஷத்தில் நல்ல ஐந்து வருஷத்தின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதம் என்று வைக்கிறார்கள். அதற்குக் கீழே எவ்வளவு குறைந்ததோ அதற்குத்தான் பணம். ஏழில் மூன்று வருஷம் காய்ந்த ஊரில் இரண்டைத்தான் கழிக்க முடியும், மூன்றாவது காய்ந்த வருஷம் சராசரிக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். அடிக்கடி காய்கிற ஊருக்குப் பாதுகாப்பு குறைவு, இது சட்டகத்திலேயே இருக்கும் ஓட்டை. இருந்தாலும் ராபி பருவ உணவுப் பயிருக்கு, நம் சம்பா நெல் அதில்தான் வரும், விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான், மிச்சம் அரசு கட்டுகிறது. நெல்லுக்கு அதை விடாதீர்கள். மிளகாய்க்கு 5 சதவீதம், அலகும் பெரும்பாலும் பிர்கா, அதாவது பல கிராமங்கள் சேர்ந்தது, அங்கே யோசித்துச் செய்யுங்கள்.

சாயல்குடி சாலை:
இவ்வளவு அலைச்சலுக்கும் பிறகு ஏக்கருக்கு நாலாயிரத்து ஐந்நூறு. கருவை மூவாயிரம். வித்தியாசம் ஆயிரத்து ஐந்நூறு. நான் தோற்றுவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

மங்கலம் பெரியவர்:
சாயல்குடித் தம்பி, உங்கள் மூவாயிரத்தில் பக்கத்து வயல்காரரின் செலவைக் கழிக்கவில்லையே. நீங்கள் தரிசு போட்டதும் காட்டுப்பன்றி அதில் அடைகிறது, ராத்திரி பக்கத்து வெள்ளாமைக்குள் இறங்குகிறது. வரத்துக் கால்வாயில் கருவை ஏறினால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. ஊரில் ஐம்பது ஏக்கர் விதைத்தால் அறுப்பு மெஷின் தேடி வரும், ஐந்து ஏக்கருக்கு வராது, வந்தால் மணிக்கு இரட்டை வாடகை கேட்கும். மடை திறக்கிற ஆளுக்குக் கூலி கொடுக்க ஊரில் ஆள் குறைகிறது. இப்படி ஒவ்வொருவர் விடும்போதும் மிச்சம் இருப்பவரின் செலவு ஏறுகிறது, அவரும் விடுகிறார். அப்புறம் மறுபடி விதைக்க நினைத்தால் தூரைப் பிடுங்க ஜேசிபிக்கு மணிக்கணக்கில் கொடுத்தாக வேண்டும், ஒரு மழைக்கு அது மறுபடி துளிர்க்கும். அண்ணன் ஊரோடு வர நினைக்கும் வருஷம் அந்தச் செலவும் சேர்ந்து நிற்கும்.

கடலாடி மேற்கு:
இது நான் யோசிக்காத பக்கம். எங்கள் மேலே இருக்கும் இரண்டு பங்காளிகள் போன வருஷம்தான் விட்டார்கள், அந்தத் தடவைதான் பன்றி முதல்முறை இறங்கியது. அப்பா அதை ராசி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, அண்ணனிடம் இப்படிக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். உழவுப் பணத்தை அனுப்புவதோடு, தை மாதத்துக்கு என்று தனியாக ஒரு தொகையை வைக்கட்டும், மெஷினுக்கும் உரக்கடைக்கும் கொடுக்க. அது கையில் இருந்தால் நெல்லைக் காய வைத்து நிலையம் திறக்கும் வரை வைத்திருக்கலாம். மூன்று ஏக்கருக்கு 750 வீதம் 36 குவிண்டால், 27,000 வித்தியாசம். இரண்டு ஏக்கர் மிளகாயை இந்தத் தடவை ஒரு ஏக்கராகக் குறைத்து, நாங்களே பறிக்க முடிகிற அளவு. மீதி ஏக்கரில் எருவுக்கு ஆட்டுக்கிடை போட, ஆடு மேய்க்கும் கீதாரிகளிடம் சொல்லி வைக்கலாமா என்று அப்பா கேட்கிறார்.

மங்கலம் பெரியவர்:
கிடை போடுங்கள். அடுத்த வருஷம் டிஏபி பாதி மிச்சம். கீதாரிக்குக் கொடுப்பது அதைவிடக் குறைவுதான்.

திருப்பாலைக்குடி அக்கா:
துபாயில் அண்ணன் இல்லாதவர்களுக்கு என்ன வழி என்று ஒருவரும் சொல்லவில்லை.

பொருளியல் வாத்தியார், பரமக்குடி:
அக்கா, நீங்கள் கேட்டதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. முழு வழி என்னிடம் இல்லை. 1969ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இருக்கிறது, பதிவானால் கடனும் காப்பீடும் கேட்க உங்களுக்கு ஆதாரம் கிடைக்கும். ஆனால் பதிவு என்றதும் நிலத்துக்காரர் பயந்து நிலத்தைத் திரும்ப வாங்கிவிடுவார் என்ற உங்கள் பயமும் எனக்குத் தெரியும். அதனால் முதலில் சிறியதாக ஒன்று. சாகுபடி செய்வது நீங்கள் என்று இந்தப் பருவ அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) வருகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள், நிலத்துக்காரரிடம் போனில் சொல்லிவிட்டே கேளுங்கள். காப்பீட்டுக்கு அந்தச் சான்று வேண்டும். சம்பா நெல்லுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் பாதியில் வரும், அந்த வாரம் போனால் கூட்டத்தில் நிற்க வேண்டும், சர்வர் வேலை செய்யாது. விதைத்த உடனே போங்கள். பிரீமியம் ரசீதில் வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

திருப்பாலைக்குடி அக்கா:
புரட்டாசி கடைசியில் விதைப்போம். விதைத்ததும் போய்க் கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.